இரண்டு பல் கிடாரியைப் பந்தயத்துக்கு விடலாமா?

இது நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் இருந்து படியுங்கள், இல்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். படிக்காமல் மட்டும் கட்டைவிரலைத் தூக்காதீர்கள்.

விஷயம் இதுதான். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெங்களூரில் இருக்கிற பையன் ஒருத்தன், எனக்கு மருமகன் முறை, ஒரு செய்தி போட்டிருந்தான். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரைக் குட்டி வாங்கப் போகிறார்களாம். பெண் குட்டி. இரண்டு வயசிலேயே ஓட விட்டு, அடுத்த வருஷம் "ஆயிரம் கினீஸ்", அதற்கடுத்து "ஓக்ஸ்" என்று கிரேடு பந்தயங்களுக்குக் கொண்டுபோவது திட்டம். இன்னும் சில பங்குகள் மீதி இருக்கிறதாம், விருப்பமுள்ள உறவினர்கள் சேரலாமாம். அதற்குக் கீழே வரிசையாக வாழ்த்து. போன வருஷம் பணி ஓய்வு பெற்ற ஒரு தங்கச்சி, "கிராஜுட்டி பணம் பேங்கில் சும்மாதானே கிடக்கு, நானும் சேரட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அதற்கு அவன் ஐந்து வாதம் எடுத்து வைத்தான். பையன் நன்றாகவே வாதாடுகிறான், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குழுவில் பதில் எழுதினால் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். கேட்க வேண்டிய பேர் இன்னும் நிறைய இருக்கிறீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெரிந்துகொள்வோம். ஃபில்லி என்றால் இன்னும் முதிராத பெண் குதிரை. மாட்டில் கிடாரி என்கிறோமே, அதே பருவம். சமதளத்தில், தடை தாண்டாமல் ஓடுவது ஃபிளாட் ரேஸ். அதில் முக்கியமான பந்தயங்களைத் தரம் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கிரேடு போடுகிறார்கள். ஐரோப்பாவில் இந்த முறை 1971-ல் வந்தது, அமெரிக்காவில் 1973-ல். இந்தியாவில் மும்பை மகாலட்சுமி மைதானத்தில் நடக்கிற இந்தியன் 1000 கினீஸ், இந்தியன் ஓக்ஸ் இரண்டும் முதல் கிரேடு. முன்னது 1600 மீட்டர், பின்னது 2400 மீட்டர். இரண்டிலும் பெண் குதிரைகள் மட்டும்தான் ஓடலாம். நம் சென்னை கிண்டியிலும் தென்னிந்திய 1000 கினீஸ், தென்னிந்திய ஓக்ஸ் என்று அதே மாதிரி உண்டு. எல்லாம் இங்கிலாந்துப் பெயர்கள். அங்கே எப்சம் என்ற ஊரில் ஓக்ஸ் 1779-ல் தொடங்கியது. டெர்பி பிரபுவின் மாளிகைப் பெயர்தான் அந்தப் பந்தயத்தின் பெயர். முதல் வருஷம் ஜெயித்ததும் அவர் குதிரைதான். நியூமார்க்கெட்டில் 1000 கினீஸ் 1814-ல் வந்தது. கினீ என்பது அந்தக் காலத்து நாணயம். பரிசுத் தொகையே பந்தயத்தின் பெயராகிவிட்டது. பெயரிலேயே காசு இருக்கிறது, கவனியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டுச் சந்தைக்குப் போன பழக்கம் உள்ளவர்கள் உங்களில் கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். மேலப்பாளையம் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் என்ன செய்வார்? மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார். பல் போடவில்லையா, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். வாங்குகிறவன் சொல்கிற வயசும் விற்கிறவன் சொல்கிற வயசும் அங்கே செல்லாது. பல் சொல்கிற வயசுதான் வயசு. பல் போடாத கன்றை நுகத்தில் பூட்டினால் ஊரே ஏசும். ரெண்டு பல் போட்டபிறகு வெறும் வண்டியில் பழக்குவார்கள். முழுப் பாரம் அதற்கும் பிறகுதான். கன்னிப்பூவும் கும்பப்பூவும் மாறி மாறி உழுத நம் நாஞ்சில் நாட்டில் இதை யாரும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படிக்கவில்லை. எழுத்தே தெரியாத தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது.

குதிரைக்கும் பல் கணக்கு உண்டு. நடுப் பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது ஏறக்குறைய இரண்டரை வயசில். அதற்கடுத்த பல் மூன்றரை வயசில். ஓரப்பல் நாலரை வயசில். ஐந்து வயசில்தான் வாய் நிறைகிறது. எலும்பும் இதே மாதிரி தவணை முறையில்தான் முற்றுகிறது. நீண்ட எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டுகள் என்று குருத்தெலும்பு இருக்கும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள தட்டு மூட இரண்டு, இரண்டரை வயசு ஆகும். முதுகெலும்பில் உள்ளவை மூட ஐந்து வயசை ஒட்டி ஆகிவிடும். சேணம் போட்டு ஆள் உட்காருவது எதன் மேல்? அந்த முதுகெலும்பின் மேல்தான்.

இதற்கு மேல் ஒரு பிறந்தநாள் தந்திரமும் இருக்கிறது. கணக்கு வாத்தியாரிடம் அது செல்லாது. நம் நாட்டில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-ந்தேதிதான் பிறந்தநாள். ஒரு குட்டி 2023 மார்ச்சில் பிறந்தது என்று வையுங்கள். 2024 ஜனவரி 1 அன்று அதற்குப் பத்து மாசம்தான். பதிவேட்டில் ஒரு வயசு. 2025 ஜனவரியில் ஒரு வயசும் பத்து மாசமும், பதிவேட்டில் இரண்டு. இந்தச் சமயத்துக்குள் முதுகில் ஆள் ஏறிப் பழக்கம் தொடங்கியிருக்கும். அந்த வருஷக் கடைசியில் இரண்டு வயசுக் குதிரைகளுக்கான பந்தயத்தில் இறங்கும்போது அதற்கு உண்மையில் இரண்டு வயசும் எட்டு மாசமும். நம் சந்தைக் கணக்கில் இப்போதுதான் ரெண்டு பல் போட்ட கிடாரி. 2026 டிசம்பர் 1000 கினீஸ் வரும்போது மூன்றே முக்கால் வயசு. அடுத்த மாசமே பதிவேட்டில் நாலு வயசாகி ஓக்ஸ் ஓட வரும்போது உண்மை வயசு நாலு நிறைந்திருக்காது. ஓரப்பல் இன்னும் பால்பல்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயசைக் கூட்டிப் போட்ட பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அதில் கொஞ்சம் சிலேட்டு உடையும், அவ்வளவுதான். இங்கே உடைவது வேறு.

ஏன் உடைகிறது? ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு. குதிரை எடை 450 கிலோ என்று வையுங்கள். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கட்டத்தில் மொத்த உடம்பும் ஒற்றை முன்னங்காலில் இறங்கும். அப்போது அந்தக் கால் தாங்குவது உடம்பு எடையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 450-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 1125. ஒரு டன்னுக்கு மேல். அதைத் தாங்குவது உங்கள் கைக்குள் பிடித்துவிடலாம் போன்ற ஒரு எலும்பு. முட்டிக்குக் கீழே குதிரைக்குச் சதை கிடையாது, நரம்புக்கயிறும் எலும்பும் தோலும்தான். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். பெண் குதிரை ஆணோடு சேர்ந்து ஓடினால் ஒன்றரை கிலோ எடைச் சலுகை தருகிறார்கள். டன் கணக்கில் வாங்கிக்கொண்டு கிலோ கணக்கில் சலுகை.

இரண்டு குதிரைகளின் கதையைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்கக் குதிரைகள், இரண்டும் பெண், இரண்டுமே பந்தய உலகம் கொண்டாடுகிறவை.

முதலாவது ரஃபியன். 1972 ஏப்ரல் 17-ல் பிறந்தது. முதல் பந்தயம் 1974 மே 22. கணக்குப் போடுங்கள், இருபத்தைந்து மாசம். ஒரு பல்கூட மாறாத வயசு. அன்றைக்குப் பதினைந்து குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த வருஷமே இரண்டு வயசுப் பெண் குட்டிகளுக்கான ஸ்பினவே என்ற முதல் கிரேடு பந்தயத்தையும் ஜெயித்தது. அதற்குப் பிறகு காலில் மயிரிழை விரிசல் கண்டு அந்த வருஷம் முழுக்க நிறுத்தினார்கள். மறுவருஷம் திரும்ப இறக்கினார்கள். ஓடிய பத்துப் பந்தயமும் வெற்றி. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க் பெல்மாண்ட் மைதானத்தில் ஒரு ஆண் குதிரையோடு தனிப் போட்டி. தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது முன்னங்கால் முறிந்தது. முறிந்த பிறகும் அது ஓட்டத்தை நிறுத்தப் பார்க்கவில்லை. இரவோடு இரவாக அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் படுத்த வாக்கிலேயே கால்களை உதைத்து ஓடத் தொடங்கி, கட்டிய காலை மறுபடி உடைத்துக்கொண்டது. பிறகு ஊசி போட்டார்கள். வயசு மூன்றேகால்கூட ஆகவில்லை. வாயில் நிலைத்திருந்தது ரெண்டு பல். அந்த மைதானத்துக்குள்ளேயே புதைத்தார்கள்.

இரண்டாவது ஜென்யாட்டா. 2004 ஏப்ரல் 1-ல் பிறந்தது. பெரிய உடம்பு, முதிர நேரம் எடுக்கும் என்று பயிற்சியாளர் காத்திருந்தார். முதல் பந்தயம் 2007 நவம்பர் 22. மூன்று வயசும் ஏழு மாசமும் கடந்திருந்தது. அதன்பிறகு தொடர்ந்து பத்தொன்பது பந்தயம் ஜெயித்தது. 2009-ல் ஆண் குதிரைகளையும் தோற்கடித்து பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்ற முதல் பெண் குதிரை அதுதான். ஆறு வயசில், இருபதாவது பந்தயத்தில் மட்டும் ஒரு தலை அளவில் தோற்று, நாலு காலோடும் நடந்து தொழுவத்துக்குப் போனது.

ஒரு உதாரணத்தை வைத்து விதி செய்யக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆகவே எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயசில் ஓடத் தொடங்கிய குதிரைகள் மற்றவற்றைவிடக் கூடுதல் காலம் ஓடியதாக ஆய்வுகள் உண்டு. இளம் எலும்புக்கு அளவான ஓட்டம் உறுதி தரும் என்பதும் உண்மைதான். மருமகன் இதைத்தான் முதல் வாதமாக வைத்தான். இரண்டு கேள்வி கேட்கிறேன். இரண்டு வயசில் ஓட முடிந்தவை எவை? ஏற்கெனவே திடமாக இருந்தவை. நோஞ்சானும் காலில் நோவு கண்டதும் அந்தக் கணக்கில் வராமலே வீட்டில் நின்றிருக்கும். முதல் பெஞ்சு பிள்ளைகள் நல்ல மார்க் எடுத்தால் அது பெஞ்சின் பெருமையா? அடுத்தது, எலும்புக்கு ஓட்டம் நல்லது என்றால் மேய்ச்சல் நிலத்தில் குட்டி தானாக ஓடட்டும், பயிற்சியில் அளவாக ஓடட்டும். அதற்குப் பந்தயம் எதற்கு? டிக்கெட் எதற்கு? பந்தயத்தில் அளவு பார்ப்பது குதிரை அல்ல, முதுகில் இருக்கிற சவுக்கு.

இரண்டாவது வாதம் பாரம்பரியம். கிண்டியில் 1777 முதல் குதிரை ஓடுகிறது, மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் ஏற்பட்டது, இதெல்லாம் நம் சொத்து என்கிறான். யாருடைய சொத்து? கிண்டியில் அந்த 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலம், 1940-களில் 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். வகுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. நம் ஊரில் கோயில் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்தவன் ஒரு பூவுக்கு அளக்கிற நெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையையே ரத்து செய்தது. அதே வருஷம் ஜூனில் ஊட்டி ரேஸ் மைதானத்தின் 52 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரைமார் பொழுதுபோகக் கொண்டுவந்ததை வாடகை கொடுக்காமல் நடத்துவதுதான் பாரம்பரியம் என்றால், அந்தப் பாரம்பரியம் எனக்கு வேண்டாம். வேளச்சேரியில் இருக்கிற என் மாணவர்கள் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். அந்த நிலத்தில் குளம் வெட்டினால் அது நல்ல காரியம்தான்.

ஆனால் இந்த இடத்தில் எனக்கு அரசின் மேலும் ஒரு வருத்தம் உண்டு. வரலாற்றைப் பாருங்கள். 1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. பேச்சு, கூலிக்காரன் சம்பளம் ரேஸில் போவதைப் பற்றி. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு ரேஸ் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் போட்டது. பேச்சு, கிளப்பை யார் நடத்துவது என்பது பற்றி. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலைச் செல்லாது என்றது. பேச்சு, பந்தயம் சூதா திறமையா என்பது பற்றி. 2024-ல் பேச்சு, வாடகையும் நிலமும் வெள்ளமும் பற்றி. ஐம்பது வருஷமாக வாதியாகவும் பிரதிவாதியாகவும் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். இந்த வழக்குகள் எதிலும் கட்சிக்காரராகச் சேராத ஒரே ஜீவன், ஓடுகிற குதிரைதான். வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தால் ரெண்டு பல் கிடாரியை ஓட விடுவது நியாயமாகிவிடுமா?

மூன்றாவது வாதம், "மாமா, இது சூதாட்டம் இல்லை, திறமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது." ஆமாம், சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கி, தளம் எல்லாவற்றையும் ஆராய்ந்து கணிப்பது திறமை என்பது சட்டத்தின் நிலை. அதை மதிக்கிறேன். ஆனால் வரி போடுகிறவர்கள் எந்த அலமாரியில் வைத்திருக்கிறார்கள் பார். 2023 அக்டோபர் முதல் பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அந்த அலமாரியில் கூட இருப்பவை கேசினோவும் லாட்டரியும்.

லாட்டரி என்றால் நம் மாவட்டத்துக்குச் சொல்லித் தரவேண்டுமா? தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். நமக்குக் களியக்காவிளை தாண்டி நாலு எட்டு வைத்தால் பாறசாலை, அங்கே கேரள லாட்டரி. விளவங்கோடு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன், கொத்தனார், ஆட்டோக்காரன் என்று சாயங்காலம் பஸ் ஏறிப் போய் எண் பார்த்து நிற்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சீட்டை வாங்குகிறவனும் "கணிப்பு" என்றுதான் சொல்வான். ஆனால் ஒரு வித்தியாசம். லாட்டரிச் சீட்டைக் கிழித்தால் காகிதம்தான் கிழிகிறது. குதிரைப் பந்தயத்தில் சீட்டுக்கு எலும்பும் மூச்சும் இருக்கிறது. திறமை பணம் கட்டுகிறவனுக்கு, முறிவு குதிரைக்கு. இந்தப் பங்கீட்டை எந்தத் தீர்ப்பும் நியாயம் என்று சொல்லவில்லை.

நாலாவது வாதம்தான் அவனுக்குப் பிடித்தது. "ஜெயிக்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. பெண் குதிரை பண்ணைக்குப் போகும், குட்டி போடும், அதன் வம்சத்துக்கு மதிப்பு." இங்கேதான் பெண் குதிரைகளுக்குத் தனிப் பந்தயம் ஏன் என்ற ரகசியம் இருக்கிறது. இது பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைக்காதீர்கள். எது தாயாக லாயக்கு என்று கண்டுபிடிக்கிற சல்லடை இது. கிரேடு பந்தயத்தில் ஜெயித்ததும் இடம் பிடித்ததும் ஏலப் புத்தகத்தில் தடித்த கறுப்பு எழுத்தில் வரும். அந்த எழுத்துக்குத்தான் விலை. நம் ஊரில் பெண் பார்க்க வந்து நடக்கச் சொல்லி, பாடச் சொல்லி, பிறகு நகைக் கணக்கும் ஸ்ரீதனமும் பேசிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே பேச்சுதான். ஓடச் சொல்வது மட்டும்தான் புதுசு.

சரி, சல்லடையில் நிற்காததெல்லாம் எங்கே போகிறது? பத்துப் பன்னிரண்டு குட்டி ஓடினால் ஜெயிப்பது ஒன்று. மீதிக்கு வம்ச மதிப்பும் இல்லை, தீனிச் செலவோ குறைவதில்லை. கொஞ்சம் சவாரிப் பள்ளிக்குப் போகும், கொஞ்சம் போலீஸ் படைக்கு. கல்யாண ஊர்வலத்திலும் மெரினா மணலிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிற்கிற ஒட்டிய விலாக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலும் ஒரு காலத்தில் மைதானத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவை உண்டு. பாம்புக்கடிக்கு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து குதிரை ரத்தத்தில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. வயலில் கால் வைக்கிற நம் ஆட்கள் எத்தனையோ பேர் குதிரையால்தான் பிழைத்துக் கிடக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த நன்றியால்தான் கேட்கிறேன். இருபத்தைந்து வருஷம் வாழக்கூடிய ஒரு ஜீவனின் முதல் மூன்று நாலு வருஷத்தை எடுத்துக்கொண்டு, மீதி இருபது வருஷத்துக்கு யார் பொறுப்பு? மருமகன் அனுப்பிய கணக்குத் தாளில் வாங்கும் விலை இருக்கிறது, பயிற்சிக் கட்டணம் இருக்கிறது, எதிர்பார்க்கும் பரிசு இருக்கிறது. தோற்ற பிறகு தீனிக்கு ஒரு வரி இல்லை. விடைத்தாளில் ஒரு படி விட்டுப்போனால் நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

ஐந்தாவது வாதம் ஜல்லிக்கட்டு. "2017-ல் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்தபோது நீங்களும் ஆதரித்தீர்களே, அது மட்டும் சரியா?" நல்ல கேள்வி. 2023 மே மாசம் உச்ச நீதிமன்றமும் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அங்கே காளையும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள், அதைக் கேள்வி கேட்கிறவர்கள் கேட்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஒன்று. வாடிவாசல் தாண்டிய காளை மாலையில் யார் வீட்டுத் தொழுவத்துக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும். அதை வளர்த்த அம்மா வாசலில் தண்ணீர்ச் சட்டியோடு நிற்பாள். தோற்றாலும் அது அந்த வீட்டுக் காளைதான். கிண்டியிலோ பெங்களூரிலோ ஏழாவதாக வந்த கிடாரியின் பெயரை அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள். யாராவது சொன்னால் நான் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரேஸ் மைதானத்துத் தொழுவங்களில் வேலை செய்கிற சைஸ்மார், லாடம் அடிக்கிறவர்கள், புல் கொண்டுவருகிறவர்கள் என்று ஏராளமான குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. ஒரு குதிரைக்குக் காய்ச்சல் என்றால் அதன் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிறவன் சைஸ்தான், முதலாளி அல்ல. மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவர்களைத் தெருவில் விடுவதும் அநியாயம். நிலத்தை எடுக்கிற அரசு அந்த ஆட்களுக்கும் அந்தக் குதிரைகளுக்கும் வழி செய்த பிறகுதான் வெற்றி முழக்கம் போட வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பந்தயத்தை நாளைக்கே நிறுத்து என்று அல்ல. அது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. நான் கேட்பது நாலே நாலு.

ஒன்று, பதிவேட்டு வயசை விட்டுவிட்டு உண்மை வயசைப் பாருங்கள். மூன்று வயசு நிறையாத எந்தக் குட்டியும் பந்தயத்தில் இறங்கக் கூடாது. கினீஸ், ஓக்ஸ் போன்ற பெரிய பந்தயங்கள் வாய் நிறைந்த பிறகு, ஐந்து வயசில் நடக்கட்டும். பரிசு குறையாது, கோப்பையும் துருப்பிடிக்காது. ஜென்யாட்டா ஆறு வயசு வரை ஓடிக் காட்டியிருக்கிறது.

இரண்டு, அமெரிக்காவில் 2009 முதல் பந்தயத்தில் சாகிற குதிரைகளின் கணக்கைத் தொகுத்து வெளியிடுகிறார்கள். அந்த வருஷம் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு சாவு. 2022-ல் அது 1.25 ஆகக் குறைந்தது. எண்ணத் தொடங்கியதால் குறைந்தது. எண்ணாததைக் குறைக்க முடியாது. நம் நாட்டு ரேஸ் கிளப் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு எத்தனை குதிரை ஓடியது, எத்தனை முறிந்தது, எத்தனை செத்தது என்று வாசலில் பலகையில் எழுதி வைக்கட்டும்.

மூன்று, பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் பதிவேடு இருக்கிறது. பந்தயத்தை விட்டு விலகிய பிறகும் அந்தப் பதிவேடு தொடரட்டும். யாரிடம் போனது, எங்கே இருக்கிறது, எப்போது செத்தது என்று சாகும்வரை எழுதட்டும். ஜெயித்ததற்கு மட்டும் வரலாறு எழுதுவது கணக்கு அல்ல, விளம்பரம்.

நான்கு, ஜெயிக்கிற ஒவ்வொரு பரிசிலிருந்தும் ஒரு பங்கு, தோற்ற குதிரைகளின் முதுமைக்கு. வாங்கும் அன்றே முதலாளி அதற்குக் கையெழுத்துப் போடட்டும்.

இந்த நாலும் நடக்கிற வரைக்கும் நம் குடும்பத்துப் பணம், என் மாணவர்களின் பணம், ஒரு பைசாவும் ரெண்டு பல் கிடாரியின் காலில் போய் விழக் கூடாது என்பது என் கருத்து. தங்கச்சிக்குத் தனியாகச் சொல்கிறேன்: அம்மா, கிராஜுட்டி பணம் முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் தூளை மூச்சில் வாங்கிச் சேர்த்தது. போஸ்ட் ஆபீசில் போடு. வட்டி குறைவுதான், ஆனால் எதற்கும் கால் முறியாது.

என்னோடு உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். படிப்படியாக எழுதுங்கள், விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது. மாட்டுக்குப் பல் பார்த்து நுகம் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். குதிரை என்றால் மட்டும் ஏன் வாயைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறோம் என்ற கேள்விக்கு யாராவது நியாயமான பதில் சொன்னால் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்
நாகர்கோவில்